‘ஸீனோமானிட்டரிங்’: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

மடல் 1 – கோயம்புத்தூர்

குழுவில் எல்லோருக்கும் வணக்கம்.

யானைக்கால் நோய் ஒழிப்பு பற்றித் தமிழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மற்ற சொற்கள் ஓரளவு அமைந்துவிட்டன. ‘மாலிக்யுலர் ஸீனோமானிட்டரிங்’ வந்த இடத்தில் நின்றுவிட்டேன். கொசுக்களைப் பிடித்து, அவற்றுக்குள் யானைக்கால் புழுவின் டிஎன்ஏ இருக்கிறதா என்று பிசிஆர் சோதனையில் பார்க்கும் முறை இது.

கையில் மூன்று சொற்கள் வைத்திருக்கிறேன்: அயலுயிர்க் கண்காணிப்பு, கொசுவழிக் கண்காணிப்பு, நோய்க்கடத்திக் கண்காணிப்பு. முதலாவது அகராதியைப் புரட்டிச் செய்தது, எனக்கே பிடிக்கவில்லை. மற்ற இரண்டில் எது தேவலை? வேறு ஏதாவது தோன்றினாலும் சொல்லுங்கள்.

மடல் 2 – யாழ்ப்பாணம்

தம்பி, ‘கொசு’ வேண்டாம். எங்களுக்கு அது நுளம்பு. இங்கே கொசு என்றால் பழத்தில் மொய்க்கிற சின்னப் பூச்சிதான் நினைவுக்கு வரும். கலைச்சொல் என்று ஒன்று செய்தால் அது கடலின் இரண்டு பக்கமும் செல்லுபடியாக வேண்டும்.

‘கடத்தி’யும் எனக்கு உவப்பில்லை. அது மின்சாரத்தோடு போய்விட்ட சொல். எங்கள் பாடநூல்களில் வெக்டரைக் ‘காவி’ என்பார்கள், கணிதத்திலும் அதுவே. நோயைக் காவுவது, அதாவது சுமப்பது, நோய்க்காவி. ‘நோய்க்காவிக் கண்காணிப்பு’ என்று வைத்தால் என்ன?

இந்தச் சொல் எங்களுக்கும் தேவைப்படுகிற சொல்தான். இலங்கை 2002 முதல் 2006 வரை ஐந்து சுற்று யானைக்கால் தடுப்பு மாத்திரை கொடுத்தது. 2016 இல் யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்றும் கிடைத்தது. ஆனால் மாத்திரை நிறுத்திச் சில வருடங்களுக்குப் பிறகும் தெற்கே காலி நகரப் பக்கத்து நுளம்புகளில் புழுவின் டிஎன்ஏ தெரிந்தது. பிள்ளைகளிடம் செய்த இரத்தப் பரிசோதனையில் அந்தப் பகுதிகள் ‘பாஸ்’. நுளம்பைப் பார்த்ததால்தான் மிச்சம் இருப்பது தெரிந்தது.

மடல் 3 – புதுச்சேரி

தம்பிக்கும் அக்காவுக்கும் வணக்கம்.

> ‘நோய்க்காவிக் கண்காணிப்பு’ என்று வைத்தால் என்ன?

அக்கா, தமிழ்நாட்டுச் செய்தித்தாளில் ‘காவிக் கண்காணிப்பு’ என்று தலைப்பு வந்தால் மறுநாள் ஆசிரியர் பெட்டிக்கு வருகிற கடிதங்கள் யானைக்காலைப் பற்றி இருக்காது. அது போகட்டும். கடத்தி, காவி, இதே பொருளில் சிலர் சொல்லும் பரப்பி மூன்றுக்குமே எனக்கு வேறொரு தடை இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் இந்த வேலை நடக்கிற விதத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

கொசுவின் வயிற்றில் யானைக்கால் புழு வளர்வதை 1877 இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன் கண்டார். தன் தோட்டக்காரருக்கு இந்தத் தொற்று இருந்தது. அவரைக் கடித்த கொசுக்களைப் பிடித்து அறுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கும் மேல் வேலை அதே முறையில்தான் நடந்தது: ஒவ்வொரு கொசுவாக ஊசிமுனையில் பிரித்து, நுண்ணோக்கியில் புழுவைத் தேடுவது. நோய் மிகுந்த ஊரில் இது சரிப்படும். மாத்திரை கொடுத்து நோய் வற்றிய ஊரில் ஆயிரக்கணக்கில் அறுத்தாலும் ஒன்றில்கூட அகப்படாது.

இப்போது இருபது, இருபத்தைந்து கொசுக்களை ஒரே குழாயில் போட்டு அரைத்து, மொத்தமாக பிசிஆர் செய்கிறார்கள். எத்தனை குழாயில் புழுவின் டிஎன்ஏ வந்தது என்பதிலிருந்து, நூறு கொசுவில் எத்தனையில் அது இருக்கும் என்று புள்ளியியல் கணக்கில் மதிப்பிடலாம். கொசுவைப் பிடிப்பதும் சுலபமாகிவிட்டது. நம் பக்கத்து யானைக்கால் கொசுவான கியூலெக்ஸ் சாக்கடை மாதிரி நாற்றமடிக்கும் நீரில்தான் முட்டையிடும். ஒரு தொட்டியில் ஊறிப் புளித்த வைக்கோல் தண்ணீர், அதற்கு மேல் சின்ன மின்விசிறி, ஒரு வலைப்பை. முட்டையிட வருகிற பெண்கொசு உள்ளே இழுக்கப்பட்டுவிடும். முட்டையிட வருகிறது என்றால் ஏற்கனவே யாரையோ கடித்து ரத்தம் குடித்தாயிற்று என்று பொருள். நமக்கு வேண்டியதும் அந்தக் கொசுதான். தமிழ்நாட்டில் இதை வீட்டு வாரியாகச் செய்து பார்த்த ஆய்வு 2017 இல் வெளிவந்தது. இங்கே இருக்கும் வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர் ஆட்கள் செய்தது.

இப்போது என் தடைக்கு வருகிறேன். ஒரு குழாயில் டிஎன்ஏ வந்துவிட்டது. அதற்கு என்ன பொருள்? அந்தக் கொசுக்களில் ஒன்றாவது, புழுக்குஞ்சு உள்ள ரத்தத்தைக் குடித்திருக்கிறது. அவ்வளவுதான். குடித்தது நேற்று ராத்திரியாக இருக்கலாம். உள்ளே போன குஞ்சு செத்தும் போயிருக்கலாம். அது அடுத்தவருக்குத் தொற்றும் நிலைக்கு வளர பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அதுவரை பெரும்பாலான கொசுக்கள் உயிரோடு இருப்பதே இல்லை. ஆகவே இந்தச் சோதனை ‘நோய் கடத்தப்படுகிறது’ என்று சொல்லவில்லை. ‘இந்தத் தெருவில் யாரோ ஒருவர் ரத்தத்தில் புழு இருக்கிறது’ என்றுதான் சொல்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் கதவைத் தட்டி ரத்தம் எடுக்க வரும் சுகாதாரப் பணியாளரின் வேலையை, யாரிடமும் கேட்காமல் கொசு செய்து கொடுக்கிறது. கொசுவைப் பற்றிய சோதனை மாதிரி தெரியும். உண்மையில் மனிதரைப் பற்றியது.

‘நோய்க்கடத்திக் கண்காணிப்பு’ என்று வைத்தால் இந்த வித்தியாசம் அழிந்துவிடும். அதோடு அந்தப் பெயருக்கு ஏற்கனவே வேறு வேலை இருக்கிறது. கொசு அடர்த்தி எண்ணுவது, கொசுப்புழுக்கள் வளரும் இடம் தேடுவது, எந்தப் பூச்சிமருந்துக்கு எதிர்ப்பு வந்துவிட்டது என்று பார்ப்பது எல்லாம்தான் நோய்க்கடத்திக் கண்காணிப்பு. பூச்சியியல் பிரிவு தினமும் செய்கிற வேலை. அதையும் இதையும் ஒரே பெயரில் அழைத்தால் அறிக்கை படிப்பவர் குழம்பிப்போவார்.

அக்கா சொன்ன காலி விவகாரம் இதற்கு நல்ல உதாரணம். மாத்திரை நிறுத்தலாமா என்று முடிவு செய்ய ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளைத்தான் சோதிப்பார்கள். மாத்திரைச் சுற்றுகள் தொடங்கிய பிறகு பிறந்த குழந்தைகளுக்குத் தொற்று இல்லை என்றால் பரவல் நின்றுவிட்டது என்பது வாதம். சரியான வாதம்தான். ஆனால் மிச்சமிருக்கும் தொற்று பெரும்பாலும் பெரியவர்களிடம், அதிலும் மாத்திரையைத் தவிர்த்த ஆண்களிடம் தங்கிவிடுகிறது. அவர்களைப் பள்ளிக்கூடத்தில் பிடிக்க முடியாது. கொசு பிடித்துவிடுகிறது. இந்தியா 2027க்குள் யானைக்கால் நோயை ஒழிப்பதாக இலக்கு வைத்திருக்கிறது. அதனால் இந்தச் சொல் இனி ஆய்வுத்தாளோடு நிற்காது, செய்திக்கும் வரும்.

‘அயல்’ எங்கிருந்து வந்தது என்றும் பார்த்துவிடலாம். 1914 இல் பிரான்சின் எமில் ப்ரும்ப் ‘ஸீனோடயக்னோசிஸ்’ என்று ஒரு சொல் செய்தார். தென் அமெரிக்காவின் சாகஸ் நோய்க்காக. ஆய்வகத்தில் வளர்த்த, தொற்றில்லாத, ரத்தம் குடிக்கும் பூச்சிகளை நோயாளியைக் கடிக்கவிட்டு, சில வாரம் கழித்துப் பூச்சியின் குடலில் ஒட்டுண்ணி வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. கிரேக்க மொழியில் ‘ஸீனோஸ்’ என்றால் அந்நியன், விருந்தினன், விருந்து கொடுப்பவன் எல்லாமே. நம்ம ‘விருந்து’ம் அப்படித்தான்: புதுமை, புதிதாக வந்தவர், அப்புறம்தான் சாப்பாடு. பொருத்தம் அழகாக இருக்கிறது. ‘விருந்துயிர்க் கண்காணிப்பு’ என்று வைக்கக் கை துறுதுறுக்கிறது. ஆனால் உயிரியலில் ஒட்டுண்ணிக்கு இடம் கொடுப்பவரை விருந்தோம்பி, ஓம்புயிரி என்று சொல்லிப் பழகிவிட்டோம். யானைக்கால் புழுவுக்கு முதன்மை விருந்தோம்பி மனிதர்தான். படிப்பவர் நேர் எதிராகப் புரிந்துகொள்வார். ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

இன்னொன்று. இந்த முறை கொசுவோடு நிற்பதில்லை. ஆற்றுக்குருடு நோய்க்குக் கருப்பு ஈ, காலா அசார் எனும் கருங்காய்ச்சலுக்கு மணல் ஈ, தூக்க நோய்க்கு செட்சி ஈ, சிஸ்டோசோமியாசிஸ் என்ற ரத்தப்புழு நோய்க்கு நத்தை. நத்தை யாரையும் கடிப்பதில்லை, எதையும் கடத்துவதும் இல்லை. குளத்தில் சும்மா இருக்கிறது. தொற்றுள்ள ஒருவர் அந்தத் தண்ணீரில் சிறுநீரோ மலமோ கழித்தால் ஒட்டுண்ணி வந்து நத்தைக்குள் ஏறும். ஆகவே கடத்தி, காவி, பரப்பி எதுவும் நத்தைக்கு ஒட்டாது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்றுதான்: ஒரு மனிதருக்கும் அடுத்த மனிதருக்கும் இடையில் நிற்கும் உயிர். அதனால் என் பரிந்துரை ‘இடையுயிர்வழிக் கண்காணிப்பு’.

ஒரு சொல்லைச் சோதிக்க அதன் உடன்பிறப்பையும் அதே அச்சில் வார்த்துப் பார்க்க வேண்டும். ஸீனோடயக்னோசிஸ் – ‘இடையுயிர்வழி நோயறிதல்’. நன்றாகவே உட்காருகிறது. இதுவும் பழங்கதைச் சொல் அல்ல. பீகாரின் முசாஃபர்பூர் பக்கம் மணல் ஈக்களை மனிதரைக் கடிக்கவிட்டுச் செய்த ஆய்வு 2021 இல் வந்தது. காலா அசார் நோயாளிகளிடமிருந்தும், நோய் குணமான பிறகு தோலில் திட்டுகளோடு இருப்பவர்களிடமிருந்தும் ஈக்களுக்குத் தொற்றியது. தொற்று இருந்தும் எந்த அறிகுறியும் இல்லாதவர்களிடமிருந்து தொற்றவில்லை. யாரைத் தேடிப் பிடித்து மருந்து கொடுக்க வேண்டும் என்பதை இப்படி ஒரு முடிவு மாற்றிவிடும்.

‘மாலிக்யுலர்’ பற்றி: முதல் தடவை மட்டும் ‘மூலக்கூறு முறையில் இடையுயிர்வழிக் கண்காணிப்பு’ என்று எழுதி, பிறகு முன்னொட்டை விட்டுவிடலாம். இப்போது ஸீனோமானிட்டரிங் என்றாலே பெரும்பாலும் மூலக்கூறு முறைதான்.

மடல் 4 – மதுரை

விலங்கியல் பாடம் நடத்துகிறவன் என்பதால் இரண்டு இடையூறு செய்கிறேன். ‘இடையுயிர்’ என்றதும் என் மாணவர்களுக்கு ‘இடைநிலை ஓம்புயிரி’தான் ஞாபகம் வரும். யானைக்காலில் கொசு இடைநிலை ஓம்புயிரி, சரி. மலேரியாவில் தலைகீழ். ஒட்டுண்ணியின் பாலினப்பெருக்கம் கொசுவுக்குள் நடப்பதால் அங்கே கொசுதான் முதன்மை ஓம்புயிரி, மனிதர் இடைநிலை. அப்படியானால் ‘இடையுயிர்வழி’ என்றால் மனிதரைச் சோதிப்பதா?

இரண்டாவது, ‘இது மனிதரைப் பற்றியது’ என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டீர்கள். ஆற்றுக்குருடு நோயில் கருப்பு ஈக்களின் தலையை மட்டும் தனியே பிரித்துச் சோதிக்கிறார்கள். தொற்றவல்ல நிலைக்கு வளர்ந்த புழுதான் தலைக்கு வரும். தலையில் டிஎன்ஏ இருந்தால் அந்த ஈ அடுத்தவருக்கு நோயைக் கொடுக்கத் தயார் என்று பொருள். அங்கே இது பரவலைப் பற்றிய சோதனையே. உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதல், பரவல் நின்றதென்று ஏற்கக் குறைந்தது 6,000 ஈக்களைச் சோதிக்கச் சொல்கிறது. கொலம்பியா, ஈக்வடார், மெக்சிகோ, குவாத்தமாலா எல்லாம் ஈக்களையும் சோதித்துத்தான் சான்று வாங்கின. 2025 ஜனவரியில் நைஜரும் வாங்கியது, ஆப்பிரிக்காவில் முதல் நாடாக.

மடல் 5 – புதுச்சேரி

ஐயா, இரண்டாவதை அப்படியே ஏற்கிறேன். அது ‘வழி’ என்ற சொல்லுக்கு இன்னும் வலு சேர்க்கிறது. ‘இடையுயிர்வழி’ என்பது எதன் வழியாகப் பார்க்கிறோம் என்று மட்டும் சொல்கிறது. பார்த்தது மனிதரின் தொற்றா, பரவலா என்பதை முழுக் கொசுவா, ஈயின் தலையா என்பது தீர்மானிக்கட்டும். ‘பரவல்’, ‘கடத்தல்’ என்று பெயரிலேயே முடிவை எழுதிவிட்டால்தான் வம்பு.

மலேரியா விஷயத்தில் விட்டுக்கொடுக்க மனமில்லை. ‘இடைநிலை’ ஒட்டுண்ணியின் வாழ்க்கையைப் பார்த்து வைத்த பெயர். நான் சொல்லும் ‘இடை’ மனிதருக்கும் மனிதருக்கும் இடை. ஒட்டுண்ணி எங்கே இணை சேர்ந்தால் என்ன, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக நடுவில் கொசு வந்தாக வேண்டும். ‘நிலை’ இல்லாமல் ‘இடை’ மட்டும் நின்றால் குழப்பம் பெரும்பாலும் தீரும். மீதியை வரையறை பார்த்துக்கொள்ளும். வரையறைக்கு ஒரு வரைவு:

இடையுயிர்வழிக் கண்காணிப்பு: ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்கு நோய்த்தொற்று செல்லும்போது நடுவில் வரும் பூச்சி, நத்தை போன்ற உயிர்களைப் பிடித்து, அவற்றில் நோய்க்கிருமியோ ஒட்டுண்ணியோ அதன் மரபுப்பொருளோ இருக்கிறதா என்று சோதித்து, ஓர் இடத்தில் அந்த நோயின் நிலையை அறிதல்.

மடல் 6 – யாழ்ப்பாணம்

காவியைக் கைவிடச் சொல்லிவிட்டீர்கள், பரவாயில்லை. வரையறையில் கொசு என்றோ நுளம்பு என்றோ ஒன்றும் இல்லாமல் ‘பூச்சி’ என்று போட்டீர்களே, அதற்காகவே என் ஆதரவு. ஆனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்காரருக்கு விளங்கப்படுத்தும்போது ‘நுளம்புப் பரிசோதனை’ என்றுதான் சொல்லுவார். அதை ஒருவரும் திருத்தப் போகக்கூடாது. கலைச்சொல் அறிக்கைக்கு, வாசல்படிக்கு இல்லை.

மடல் 7 – கோயம்புத்தூர்

எல்லோருக்கும் நன்றி. கட்டுரையில் ‘இடையுயிர்வழிக் கண்காணிப்பு’ என்று மாற்றிவிட்டேன். வரையறையை முதல் பயன்பாட்டுக்குக் கீழே கட்டம் கட்டிப் போடுகிறேன். மதுரை ஐயா சொன்ன தலைச் சோதனைக்குத் தனியாக ஒரு பத்தி சேர்த்தாயிற்று.

அடுத்த சிக்கல்: இருபத்தைந்து கொசுக்களை ஒரே குழாயில் போடுகிறோமே, அந்தப் ‘பூல்’. ‘தொகுதி’ என்றால் எம்எல்ஏ வந்துவிடுகிறார். ‘குவியல்’ என்றால் அளவில்லாத மாதிரி இருக்கிறது. இப்போதைக்குக் ‘கூட்டு மாதிரி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். யாருக்காவது இதைவிட நல்லது தெரிந்தால் புது இழையில் போடுங்கள்.