வெளிநாட்டில் படிக்கும் ஜப்பானிய மாணவர்கள் வேலை தேடுவது எப்படி?

பாளையங்கோட்டை வாசகர்:
என் மகனுடன் அமெரிக்காவில் படிக்கும் ஜப்பானியத் தம்பி மே மாதம் பட்டம் பெறுகிறார். அவர்கள் நாட்டு நிறுவனங்களோ புதியவர்களைப் பெரும்பாலும் ஏப்ரல் 1 அன்றே சேர்த்துக்கொள்கின்றன. அவருக்கு என்ன வழி? என் மகனும் அங்கே முயலலாமா?

தென்காசி வாசகர்:
அண்ணாச்சி, இத்தகைய மாணவர்களுக்காகவே அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பாஸ்டன் கேரியர் ஃபோரம் என்ற மூன்று நாள் வேலைவாய்ப்பு முகாம் 1987 முதல் நடந்து வருகிறது. முன்கூட்டியே விண்ணப்பித்து, நேர்காணல் நேரத்தை உறுதி செய்துகொண்டு செல்பவர்களுக்கு, அந்த மூன்று நாள்களுக்குள்ளேயே வேலை கிடைத்துவிடுவதும் உண்டு. கருநிற கோட்டு சூட்டு அவசியம். மாணவப் பருவத்தில் எதில் முழுமூச்சாக உழைத்தீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்கு மதிப்பெண்ணைச் சொன்னால் போதாது, செய்ததை விளக்க வேண்டும்.

வள்ளியூர் வாசகர்:
அக்டோபரில் சேர்த்துக்கொள்ளும் நிறுவனங்களும் உள்ளன, ஆகவே மே மாதப் பட்டம் தடையாகாது. உங்கள் மகன் தாராளமாக முயலலாம். ஆனால் பல நிறுவனங்கள் ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 நிலையை (ஐந்து நிலைகளில் மேலிருந்து இரண்டாவது) எதிர்பார்ப்பதால், மொழிப் படிப்பை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள்.