ஃபியூஜி 1976: நிக்கி லவுடா காரை விட்டு இறங்கியது சரியா?

தடச்சுவடு எழுதியது:

ஆஸ்திரியாவின் நிக்கி லவுடா 1975, 1977, 1984 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஃபார்முலா 1 உலகப் பட்டம் வென்றவர். 171 பந்தயங்களில் ஓடி 25 வெற்றிகளைப் பெற்றவர். இந்த எண்களில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. 1976 அக்டோபர் 24 அன்று ஜப்பானின் ஃபியூஜி தடத்தில் அவர் செய்த செயலையும் வீரத்தின் கணக்கில் சேர்த்துவிடுகிறார்களே, அதில்தான் எனக்கு வழக்கு.

நடந்தது இதுதான். பருவத்தின் கடைசிப் பந்தயத்துக்கு முன் ஃபெராரியின் லவுடா 68 புள்ளிகளுடனும், மெக்லாரனின் ஜேம்ஸ் ஹன்ட் 65 புள்ளிகளுடனும் நின்றனர். கொட்டும் மழையில் தொடங்கிய பந்தயத்தில் இரண்டு சுற்றுகள் ஓடியதும் லவுடா பிட் பகுதிக்குள் (தடத்தின் ஓரத்தில் அணிகள் கார்களைக் கவனிக்கும் இடம்) வந்து, இனி ஓட்டமாட்டேன் என்று சொல்லி இறங்கிவிட்டார். ஹன்ட் மூன்றாவதாக முடித்து 4 புள்ளிகள் பெற்று, 69க்கு 68 என்ற கணக்கில் பட்டத்தை எடுத்துக்கொண்டார். அதே பந்தயத்தில், அதே ஃபெராரி காரில், லவுடாவின் அணித் தோழர் க்ளே ரெகஸ்ஸோனி ஐந்தாவதாக முடித்தார் என்பதை லவுடாவின் ரசிகர்கள் ஏனோ சொல்வதே இல்லை. அந்த ஐந்தாம் இடத்தின் 2 புள்ளிகள் லவுடாவுக்குக் கிடைத்திருந்தால் பட்டம் அவருடையது. மெதுவாக, ஓரமாக ஓட்டியிருந்தாலும் போதும் என்ற நிலையில் ஓட்டவே மறுத்தவரை, அந்த ஒரு நாளைப் பொறுத்தவரையாவது, தோற்றவர் என்று சொல்வதில் என்ன தவறு?

அரைப்புள்ளி எழுதியது:

நண்பர் தடச்சுவடு அவர்களுக்கு வணக்கம். ரெகஸ்ஸோனியின் ஐந்தாம் இடம் நல்ல வாதம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பந்தயம் முடிந்த பிறகு கிடைத்த கணக்கு. லவுடா முடிவெடுத்த நேரத்தில் அவர் முன் இருந்த கணக்கு வேறு.

அவர் பிட் பகுதிக்குள் வந்தபோது பந்தயத்தில் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தவர் ஹன்ட். அப்போதைய முறைப்படி முதல் ஆறு இடங்களுக்கு 9, 6, 4, 3, 2, 1 என்று புள்ளிகள். ஹன்ட் அப்படியே வென்றிருந்தால் அவருக்கு 74. லவுடா உயிரைப் பணயம் வைத்து இரண்டாவதாக வந்திருந்தாலும் அவருக்கும் அதே 74தான்; சமநிலையில் அதிக வெற்றிகள் பெற்றவருக்கே பட்டம் என்பதால் அதுவும் ஹன்டுக்கே போயிருக்கும். ஆக, இரண்டாவது சுற்றின் முடிவில் "ஓரமாக ஓட்டினால் போதும்" என்ற நிலை இருக்கவே இல்லை. பின்னர் தடம் காய்ந்ததும், ஹன்டின் டயர் பழுதாகி அவர் பிட் பகுதிக்கு வர நேர்ந்து பின்தங்கி, மூன்றாவதாக முடித்ததும் எவராலும் முன்கூட்டிச் சொல்லக்கூடியவை அல்ல.

இன்னொன்று. பட்டம் ஃபியூஜியில் பறிபோனது என்ற எண்ணமே எனக்கு உடன்பாடில்லை. இறுதியாகத் திருத்தப்பட்ட கணக்கை எடுத்துப் பாருங்கள்: லவுடா தீ விபத்தில் சிக்கிய ஜெர்மன் பந்தயத்துக்கு முன் லவுடா 61, ஹன்ட் 26. எஞ்சியிருந்த ஏழு பந்தயங்களில் ஹன்ட் 43 புள்ளிகள் எடுக்க, லவுடா எடுத்தவை வெறும் 7. அந்த ஏழில் ஒன்றில் அவர் தீயில் கிடந்தார். இரண்டில் மருத்துவப் படுக்கையில் கிடந்தார். அந்த மூன்று பந்தயங்களில் மட்டும் ஹன்ட் சேர்த்தவை 21 புள்ளிகள்.

மஞ்சள்கொடி எழுதியது:

பந்தயத் தடங்களில் கொடி காட்டும் தன்னார்வலனாகச் சில ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில், இங்கே எவரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

1976 ஆகஸ்ட் 1 அன்று நடந்த விபத்தை நாம் "லவுடாவின் விபத்து" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பந்தயத்தையே நடத்தக் கூடாது என்று ஓட்டுநர்கள் கூட்டத்தில் வாதாடியவர் அவர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் மலைத்தடம் ஏறத்தாழ 22.8 கிலோமீட்டர் நீளம் கொண்டது. அவ்வளவு நீளத்துக்கும் போதுமான ஆட்களையும் தீயணைப்புக் கருவிகளையும் நிறுத்துவது நடக்காத காரியம் என்பதே அவருடைய வாதம். வாக்கெடுப்பில் அவர் பக்கம் தோற்றது. அவர் பயந்துவிட்டார் என்று சிலர் அப்போதும் பேசினார்கள். முந்தைய ஆண்டுதான் அதே தடத்தை 7 நிமிடங்களுக்குள் சுற்றிக் காட்டியவர் அவர் என்பது அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

இரண்டாம் சுற்றில் பெர்க்வெர்க் வளைவுக்கு அருகே அவருடைய கார் தடம் விலகி, சரிவில் மோதித் தீப்பற்றித் தடத்துக்கே திரும்பியது. பின்னால் வந்த பிரெட் லங்கரின் கார் அதில் மோதியது. அவரை வெளியே இழுத்தவர்கள் யார்? ஆர்ட்டூரோ மெர்ஸாரியோ, கை எட்வர்ட்ஸ், ஹரால்ட் எர்ட்ல், லங்கர் ஆகிய நான்கு சக ஓட்டுநர்கள். தம் கார்களை நிறுத்திவிட்டுத் தீக்குள் ஓடியவர்கள் அவர்களே. அதாவது, அந்தத் தடத்தில் என்ன நடக்கும் என்று அவர் எச்சரித்தாரோ அது அவருக்கே நடந்தது. தலைக்கவசம் கழன்று முகம் கருகியது. நச்சுப் புகை நுரையீரலுக்குள் போனது. மருத்துவமனையில் பாதிரியார் வந்து இறுதிச் சடங்கு செய்துவிட்டுப் போனார்.

மழையில் முன்னால் செல்லும் காரின் சக்கரங்கள் கிளப்பும் நீர்ப்புகையைத் தடத்தின் ஓரத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: வண்டி வருகிறது என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். இமைகள் தீயில் வெந்து, கண்களைச் சரியாக மூடித் திறக்க முடியாத ஒருவரை அதற்குள் ஓட்டச் சொல்கிறோம். ரெகஸ்ஸோனியின் காரும் லவுடாவின் காரும் ஒன்றாக இருக்கலாம். கண்கள் ஒன்றல்லவே.

தடச்சுவடு எழுதியது:

மஞ்சள்கொடி ஐயா சொன்ன கண் பற்றிய செய்தியை நான் மறுக்கவில்லை. ஆனால் அதுவே என் அடுத்த கேள்விக்கு இடம் தருகிறது. விபத்து நடந்து ஆறே வாரங்களில், செப்டம்பர் 12 அன்று, ஆறாத காயங்களோடு இத்தாலியின் மோன்சாவுக்கு வந்து ஓட்டியவரும் இவர்தானே? பந்தயம் முடிந்து தலைக்கவசத்தைக் கழற்றியபோது கட்டுத்துணியில் இரத்தம் ஊறியிருந்ததாகப் படிக்கிறோம். அந்த உடல்நிலையில் மோன்சாவில் ஓட்டலாம் என்றால் ஃபியூஜியில் ஓட்டக் கூடாது என்பது என்ன நியாயம்? முதலாவது வீரம் என்றால் இரண்டாவது பின்வாங்கல். இரண்டாவது விவேகம் என்றால் முதலாவது விவேகமின்மை. இரண்டையும் ஒரே மனிதரின் பெருமையாக எழுதுவது ரசிக மனப்பான்மை.

சாரல் எழுதியது:

இருவருமே ஹன்டை மறந்துவிட்டீர்கள் என்பதைத் தாழ்மையுடன் நினைவூட்டுகிறேன். அந்த ஆண்டில் அவர் பெற்ற வெற்றிகள் ஆறு, லவுடாவுடையவை ஐந்து. பிரிட்டிஷ் பந்தயத்தில் தடத்தில் முதலாவதாக வந்தவர் ஹன்ட். பின்னர் மேல்முறையீட்டில் அந்த வெற்றி அவரிடமிருந்து பறிக்கப்பட்டு லவுடாவுக்குத் தரப்பட்டது. ஸ்பெயினில் ஹன்டின் கார் 1.8 சென்டிமீட்டர் கூடுதல் அகலமாக இருந்ததென்று பறித்த வெற்றியைப் பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். 61க்கு 26 என்று அரைப்புள்ளி காட்டும் இடைவெளியில் ஒரு பகுதி தடத்தில் அல்ல, தீர்ப்பாளர்களின் மேசையில் உருவானது. கடைசி மழையில் ஹன்டும்தான் நனைந்தார். அவருக்கு யாரும் பட்டத்தைத் தானமாகத் தரவில்லை.

அரைப்புள்ளி எழுதியது:

சாரல் அவர்கள் சொல்வது முழு உண்மை. ஹன்ட் பெற்றது தானம் அல்ல. நானும் அப்படிச் சொல்லவில்லை. லவுடாவே அவரைக் குறை சொன்னவர் அல்ல. இருவரும் இளம் வயது முதலே நண்பர்கள்.

மோன்சா பற்றிய கேள்விக்கு வருகிறேன், ஏனெனில் இந்த விவாதத்தின் சாரமே அதில் இருக்கிறது. லவுடா மோன்சாவில் அஞ்சவில்லை என்பது பொய். முதல் நாள் பயிற்சியில் உடல் விறைத்துப்போகும் அளவுக்கு அஞ்சியதைப் பின்னாளில் அவரே ஒளிவுமறைவின்றிச் சொன்னார். செய்தது என்னவென்றால், அன்று காரை விட்டு இறங்கி, மறுநாள் வேகத்தைக் குறைத்து ஓட்டத் தொடங்கி, தன் கட்டுக்குள் இருந்த அளவுக்குச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டார். அப்படி ஓட்டியே மூன்று ஃபெராரிகளில் முன்னணியில், ஐந்தாம் இடத்திலிருந்து தொடங்கி நான்காவதாக முடித்தார். அங்கே இருந்த ஆபத்தின் கடிவாளம் அவர் கையில் இருந்தது. ஃபியூஜியில், வெள்ளைப் புகைக்குள் எவர் எங்கே சுழன்று நிற்கிறார் என்று தெரியாத நிலையில், கடிவாளம் எவர் கையிலும் இல்லை. அன்று இறங்கியவர் அவர் மட்டும் அல்ல என்பதையும் குறிப்பிட வேண்டும்: இரண்டு முறை உலகப் பட்டம் வென்ற எமர்சன் ஃபிட்டிபால்டியும், கார்லோஸ் பாசேவும், லாரி பெர்கின்ஸும் ஓட்ட மறுத்தார்கள். ஃபிட்டிபால்டியைக் கோழை என்று எவரும் எழுதி நான் பார்த்ததில்லை.

இந்த மனிதரின் வாழ்க்கை முழுவதிலும் இதே கணக்குப் புத்தி இருக்கிறது. வியன்னாவின் தொழிலதிபர் குடும்பத்தில் பிறந்தும் வீட்டிலிருந்து ஒரு காசும் கிடைக்கவில்லை. ஒரு வங்கியில் கடன் கேட்டபோது, அதன் நிர்வாகக் குழுவில் இருந்த தாத்தாவே அதைத் தடுத்துவிட்டார். உடனே இன்னொரு வங்கிக்குப் போய், தன் ஆயுள் காப்பீட்டையே ஈடாக வைத்துப் பணம் வாங்கி அணியில் இடம் பிடித்தார். 1984இல் அணித் தோழர் ஆலன் புரோஸ்ட் ஏழு பந்தயங்களை வென்றார். லவுடா வென்றவை ஐந்து. பட்டம் 72க்கு 71.5 என்று லவுடாவுக்கே வந்தது. (என் பயனர் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில்.)

தடச்சுவடு எழுதியது:

நீங்களே 1984ஐ எடுத்ததால் சொல்கிறேன். அந்த ஆண்டு மொனாக்கோ பந்தயத்தை மழையால் பாதியில் நிறுத்தி, அரைப் புள்ளிகளே கொடுத்தார்கள். வென்ற புரோஸ்டுக்கு 4.5. பந்தயம் முழுவதும் ஓடி, புரோஸ்ட் இரண்டாவதாக வந்து 6 புள்ளிகள் பெற்றிருந்தால்கூட அவருக்கு மொத்தம் 73; லவுடா பட்டத்தை இழந்திருப்பார். லவுடாவோ அந்த மழையில் சுழன்று தடம் விலகி ஏற்கெனவே வெளியேறியிருந்தார். மழையில் அவர் நிறுத்தியதைப் பெருமை என்கிறீர்கள். மழையில் அதிகாரிகள் நிறுத்தியது அவருக்கு மூன்றாவது பட்டத்தையே கொடுத்தது. கணக்குப் புத்தி என்று நீங்கள் சொல்வதில் எத்தனை பங்கு அதிர்ஷ்டம் என்பதையும் எழுதுங்கள்.

மஞ்சள்கொடி எழுதியது:

அதிர்ஷ்டம் இருந்தது, மறுப்பதற்கில்லை. 1977 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கயலாமியில் அவர் வென்ற பந்தயத்தை நினைத்துப் பாருங்கள். தீயணைப்புக் கருவியைத் தூக்கிக்கொண்டு தடத்தைக் கடந்த ஒரு பணியாளர் மீது டாம் பிரைஸின் கார் மோதி, இருவருமே உயிரிழந்தார்கள். சிதறிய பாகங்களில் ஒன்று லவுடாவின் காருக்கு அடியில் சிக்கிக்கொண்டது; அதோடுதான் அவர் கடைசி வரை ஓட்டி வென்றார். விபத்துக்குப் பின் அவர் பெற்ற முதல் வெற்றி அது. கொடியைக் கையில் பிடித்து நின்ற எனக்கு அந்தப் பணியாளரின் வயதுதான் முதலில் நினைவுக்கு வரும்: பத்தொன்பது.

இருந்தாலும் ஃபியூஜியில் ஒரு செய்தி அதிர்ஷ்டத்தில் அடங்காது. அவர் காரை விட்டு இறங்கியதும், இயந்திரக் கோளாறு என்று வெளியே சொல்லிவிடலாம் என்று ஃபெராரியின் தலைமைப் பொறியாளர் மௌரோ ஃபோர்கியேரி முன்வந்தார். லவுடா அதை ஏற்கவில்லை. ஓட்ட விருப்பமில்லை என்ற உண்மையையே சொல்லச் சொன்னார். தோற்றவர் என்ற சொல்லிலிருந்து தப்பிக்க ஒரு வழி அவர் கைக்கே வந்தது.

தடச்சுவடு எழுதியது:

ஃபோர்கியேரி பற்றிய செய்திக்கு என்னிடம் மறுமொழி இல்லை. அந்த இடத்தில் பெரும்பாலான ஓட்டுநர்கள் இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டிருப்பார்கள் என்பதே என் எண்ணம். முதல் பதிவில் "தோற்றவர்" என்று எழுதியதை "பட்டத்தை விட்டுக்கொடுத்தவர்" என்று திருத்திக்கொள்கிறேன். ஆனால் ரெகஸ்ஸோனியின் ஐந்தாம் இடத்தை மட்டும் நான் விடப்போவதில்லை.

அரைப்புள்ளி எழுதியது:

விட வேண்டாம். ஃபெராரியின் நிர்வாகமும் அதை விடவில்லை. கார்லோஸ் ராய்ட்டெமனை அணிக்குள் கொண்டுவந்து, 1977இல் முழுநேர ஓட்டுநராக்கி லவுடாவின் இடத்தை ஆட்டிப் பார்த்தார்கள். லவுடா அந்த ஆண்டு 72 புள்ளிகளுடன் பட்டத்தை வென்று, அது உறுதியானதும் இன்னும் இரண்டு பந்தயங்கள் மிச்சமிருக்க அணியை விட்டே வெளியேறினார்.