ஃபிளாரன்சில் வெள்ளி வேலைக்காரர் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை

வணக்கம். சேலத்தில் தாத்தா காலத்திலிருந்து கொலுசுப் பட்டறை நடத்துகிறோம். மகள் இத்தாலியில் பொலோன்யாவில் படிக்கிறாள். அக்டோபரில் நானும் மனைவியும் அவளைப் பார்க்கப் போகிறோம். அங்கிருந்து ஃபிளாரன்சுக்கு விரைவு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாதாம். பயண ஏற்பாட்டாளர் தந்த பட்டியலில் குவிமாடம், டேவிட் சிலை, உஃபிசி ஓவியக்கூடம், கடைவீதி என்று இருக்கிறது. எனக்கு ஓவியம் பற்றி எதுவும் தெரியாது. உலோக வேலை என்றால் நாள் முழுக்க நின்று பார்ப்பேன். அப்படி ஏதாவது உண்டா? மனைவிக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். சின்னதாக ஒரு நகை வாங்கவும் எண்ணம்.

பதில்: தறிவீட்டுப் பிள்ளை, அம்மாப்பேட்டை

அண்ணா, வேலை நிமித்தம் அந்த ஊரில் சில காலம் இருந்தவன் நான். உங்களைப் போன்ற ஒருவர் அங்கே போகிறார் என்பதே மகிழ்ச்சியாக இருக்கிறது. அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் பேராலயத்தின் பின்புறம் உள்ள அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஓபெரா தெல் துவோமோ என்று கேட்டால் காட்டுவார்கள். அங்கே முழுக்க வெள்ளியில் ஒரு பலிபீடம் இருக்கிறது. 1366இல் தொடங்கி 1483இல் முடித்தார்கள். தகப்பன் தொடங்கியதைப் பேரனுடைய மகன் முடித்திருப்பான் என்று வைத்துக்கொள்ளுங்கள். லியொனார்தோ தா வின்சியின் ஆசான் வெரோக்கியோ செய்த வெள்ளிச் சிற்பப் பலகை அதன் பக்கவாட்டில் இருக்கிறது. அதிலுள்ள வீரர்களின் கவசத்தில் எத்தனை நுணுக்கம் என்பது என்னைவிட உங்கள் கண்ணுக்குத்தான் தெரியும்.

அதே கட்டடத்தில் கிபெர்த்தியின் பொன்முலாம் பூசிய வெண்கலக் கதவுகளும் உள்ளன. 1425இலிருந்து 1452 வரை அவற்றுக்காக உழைத்தார். வெளியே ஞானஸ்நானக் கோயிலில் மாட்டியிருப்பவை நகல்கள். பலர் அவற்றைப் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள், மனம் வலிக்கிறது.

அடுத்தது பார்ஜெல்லோ என்ற அருங்காட்சியகம். அதே ஞானஸ்நானக் கோயிலின் முந்தைய கதவு வேலைக்கு 1401இல் ஒரு போட்டி வைத்தார்கள். கிபெர்த்தியும் புருனெலெஸ்கியும் ஒரே காட்சியைச் செய்து கொடுத்தார்கள். இரண்டு பலகைகளும் அங்கே இருக்கின்றன. கிபெர்த்தி பெரும்பகுதியை ஒரே வார்ப்பில் எடுத்தார், உலோகமும் குறைவாகவே பிடித்தது. மற்றவர் உருவங்களைத் தனித்தனியாக வார்த்துப் பலகையில் பொருத்தினார். வென்றது கிபெர்த்தி. தோற்ற புருனெலெஸ்கிதான் பின்னாளில் அந்தப் பெரிய குவிமாடத்தை 1420 முதல் 1436 வரை எழுப்பியவர். இருவருமே பொற்கொல்லர் பட்டறையில் தொழில் பழகியவர்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் அந்த ஊரில் பொற்கொல்லர்கள் பட்டு நெசவுத் தொழிலாளரின் சங்கத்தில்தான் உறுப்பினர்களாக இருந்தார்கள். எங்கள் வெண்பட்டும் உங்கள் கொலுசும் ஒரே சங்கம்! நேரம் மிஞ்சினால் பித்தி மாளிகையின் கருவூலத்துக்கும் போய்விடுங்கள். முன்பு அதன் பெயரே வெள்ளி அருங்காட்சியகம்தான்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை, ஏற்காடு

தம்பி, குவிமாடத்துக்கு 463 படிகள், லிஃப்ட் கிடையாது. உங்கள் மனைவியை ஏற்றாதீர்கள். ஆற்றுக்கு அக்கரையில் மிக்கேலாஞ்சலோ சதுக்கம் என்ற மேடு இருக்கிறது, பஸ்ஸிலேயே போகலாம். நம் ஏற்காட்டு மலைமுனை லேடீஸ் சீட்டில் நின்று சேலத்தைப் பார்ப்பது போல ஊர் முழுவதும் கீழே விரியும். தரையெல்லாம் கல் பாவிய தெருக்கள், நல்ல காலணி அவசியம். கோயில்களுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், புடவைக்குக் கவலையில்லை.

சாப்பாட்டுக்குத் தக்காளியும் ரொட்டியும் சேர்த்துச் சமைக்கும் பாப்பா அல் பொமோதோரோ கேளுங்கள். ரிபோல்லித்தா என்ற பீன்ஸ் சூப்பில் சில இடங்களில் இறைச்சி சேர்ப்பார்கள், விசாரித்துச் சாப்பிடுங்கள். அந்த ஊர் ரொட்டியில் உப்பு இருக்காது. ஒரு ஊறுகாய்ப் பொட்டலம் கொண்டுபோங்கள்.

பதில்: பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை

அம்மாவுக்கும் தம்பிக்கும் மிக்க நன்றி. வெள்ளிப் பலிபீடத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து வேலை ஓடவில்லை. பட்டறைப் பையன்களுக்கும் வாசித்துக் காட்டினேன். நகை விஷயம் மட்டும் பாக்கி. பழைய பாலத்தில் வாங்கலாமா?

பதில்: தறிவீட்டுப் பிள்ளை, அம்மாப்பேட்டை

அண்ணா, போந்தே வெக்கியோ என்ற அந்தப் பழைய பாலத்தில் முன்பு இறைச்சிக் கடைகள் இருந்தன. 1593இல் கோமகன் முதலாம் ஃபெர்டினாண்டோ அவற்றை அகற்றிப் பொற்கொல்லர்களைக் குடியேற்றினார். இன்றும் அங்கே நகைக்கடைகள்தான். கட்டாயம் நடந்து பாருங்கள்; ஆனால் விலை அதிகம். தங்கம் பெரும்பாலும் 18 காரட், 750 என்று முத்திரை இருக்கும். நம் 916ஐ எதிர்பார்க்க வேண்டாம். வெள்ளியில் 925 பாருங்கள். பாலம் தாண்டி ஓல்த்ரார்னோ பகுதியின் சந்துகளில் இன்னும் கைவேலைப் பட்டறைகள் உண்டு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அங்கேதான் வாங்குவேன்.

ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் கேட்டு வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் புறப்படும் கடைசி விமான நிலையத்தில் சுங்க அனுமதி பெற வேண்டும். தெருவில் விரித்து விற்கும் போலிக் கைப்பைகளைத் தொடவே தொடாதீர்கள், வாங்குபவருக்கும் அபராதம் உண்டு.

டேவிட் சிலையையும் உஃபிசியையும் பார்ப்பதானால் திங்கட்கிழமை வேண்டாம், இரண்டும் விடுமுறை. டிக்கெட்டை மகளிடம் சொல்லி இப்போதே எடுத்துவிடுங்கள்.