பர்கூர் ஹாஸ்டல் மேசைக்கு மானிட்டர்: 24 போதுமா, 27 வேணுமா?

பர்கூர்_3ஆம்_ஆண்டு:
15.6 இன்ச் லேப்டாப், ஒரு எச்டிஎம்ஐ, ஒரு டைப்-சி இருக்கு. விஎஸ் கோட், பாட பிடிஎஃப், கொஞ்சம் ஆட்டோகேட், இவ்வளவுதான் வேலை. மேசை இரண்டரை அடி அகலம், ரெண்டடி ஆழம். பட்ஜெட் பத்தாயிரம். வீட்டுல சும்மா கிடக்குற 32 இன்ச் டிவியையே எடுத்துட்டுப் போன்னு அப்பா சொல்றாரு. ரூம்மேட் 27தான் வாங்கணும்கிறான். எது சரி அண்ணா? கரண்ட்டும் அடிக்கடி போகும்.

தகடூரான்:
டிவி வேண்டாம் தம்பி. விலை குறைந்த 32 இன்ச் டிவிகளில் பெரும்பாலானவை 1366×768தான். கணக்குப் போட்டால் ஒரு இன்ச்சுக்கு 49 புள்ளி. ரெண்டடி தூரத்தில் உட்கார்ந்து கோட் படித்தால் எழுத்தெல்லாம் படிக்கட்டு மாதிரி தெரியும். போதாததற்குப் பல டிவிகள் படத்தின் நாலு ஓரத்தையும் வெட்டிவிடும், டாஸ்க்பார் பாதி காணாமல் போகும். 24 என்று விற்கிற 23.8 இன்ச் 1080பி-யில் (1920×1080 புள்ளி) இதே கணக்கு 93 வரும். 27 இன்ச்சை 1080பி-யிலேயே வாங்கினால் 82, அதாவது படம் பெரிசு, இடம் அதே. 27 வாங்கினால் 1440பி-யாக (2560×1440 புள்ளி) வாங்கணும், அது உங்க பட்ஜெட்டில் புதுசாகச் சிக்குவது கஷ்டம்.

மேசைதான் உங்களுக்குச் சிக்கல். இரண்டரை அடி என்பது 76 செ.மீ. லேப்டாப் 36, மானிட்டர் 53, ரெண்டும் சேர்ந்தால் 89. ஆனால் மானிட்டரின் அடிக்கால் 20-25 செ.மீ.தான் இருக்கும். அதை வலது ஓரத்தோடு ஒட்டி வையுங்க. திரை மேசையைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும், லேப்டாப்புக்கு இடது பக்கம் இடம் கிடைத்துவிடும். வலது பக்கம் சுவர் இருந்தால் இது நடக்காது. அப்போது லேப்டாப்பை மூடி நிறுத்திவிட்டுத் தனி கீபோர்டு, மவுஸ்.

பேனல், அதாவது திரையின் வகை, ஐபிஎஸ் என்று போட்டிருக்கணும். விஏ என்கிற இன்னொரு வகையில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளிறும். அதைவிட முக்கியம், உயரம் மாற்றக்கூடிய ஸ்டாண்ட். மலிவு மானிட்டர்களில் முன்பின் சாய்வு மட்டும்தான் இருக்கும், கழுத்து குனிஞ்சே கிடக்கும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் வரணும்.

ஓசூர்_பழைய_சரக்கு:
உயரம் மாறும் ஸ்டாண்ட் பத்தாயிரத்துக்குள்ள வேணும்னா, ஆபீஸ்ல இருந்து கழிச்சுக் கட்டின பழைய மானிட்டர் பாருங்க. டெல் பி2419எச் மாதிரி: 23.8 ஐபிஎஸ், ஸ்டாண்ட் 13 செ.மீ. ஏறி இறங்கும், திரையை நெட்டுக்குத்தாவும் திருப்பலாம் (நீளமான கோடுக்கு அதுதான் சுகம்). ஸ்பீக்கர் கிடையாது, அதை எதிர்பார்க்காதீங்க. பெங்களூரு எஸ்.பி. ரோட்டுல இந்த மாதிரி சரக்கு கிடைக்கும்.

கடையில காசு கொடுக்குறதுக்கு முன்னாடி உங்க லேப்டாப்பையே மாட்டிப் பாருங்க. வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம்னு முழுத்திரை படம் போட்டுப் பத்து நிமிஷம் ஓடட்டும். வெள்ளையில மூலை மஞ்சளா இருந்தாலோ, பிரைட்னஸ் 100ல வச்சும் மங்கலா இருந்தாலோ பேக்லைட் (திரைக்குப் பின்னாடி எரியுற விளக்கு) தேஞ்சு போச்சு, விட்டுடுங்க. எச்டிஎம்ஐ ஒயரை லேசா ஆட்டினா படம் போகக் கூடாது. பின்னாடி ஸ்டிக்கர்ல தயாரிச்ச மாசம், வருஷம் இருக்கும், அதையும் பாருங்க. பஸ்ல கொண்டு வரும்போது ஸ்டாண்டைக் கழட்டி, திரைமேல அட்டை வச்சுக் கட்டி, நிமிர்த்தியே வையுங்க. படுக்கப் போட்டா மேல எவனாவது பை வைப்பான்.

பர்கூர்_3ஆம்_ஆண்டு:
டைப்-சி வழியா ஒரே ஒயர்ல படமும் சார்ஜும் வருமாண்ணா?

தகடூரான்:
எல்லா டைப்-சி ஓட்டையிலும் படம் வராது. பக்கத்தில் ‘டி’ எழுத்து மாதிரி டிஸ்ப்ளே போர்ட் குறியோ, தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருக்கா பாருங்க. குறி இல்லைன்னா உங்க மாடலின் விவரப் பக்கத்தைப் பார்க்கணும். சார்ஜும் ஏறணும்னா மானிட்டரே 65 வாட் கொடுக்கிற வகையாக இருக்கணும், அதுக்கு விலை ஏறிடும். உங்ககிட்ட எச்டிஎம்ஐ இருக்கே, அதையே மாட்டுங்க. யூஎஸ்பி-ஏ-யிலிருந்து எச்டிஎம்ஐ ஆக்குற டப்பாவுக்குத் தனி டிரைவர் வேணும், மவுஸ் இழுக்கும்.

எர்த்_பார்த்தியா:
ஒருத்தரும் எர்த் பற்றிச் சொல்லலை. லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் சுருக்னு இருக்கா? பிளக்கில் எர்த் இல்லைன்னு அர்த்தம். அந்த நிலையில் கரண்ட் ஓடும்போதே எச்டிஎம்ஐ சொருகினால் போர்ட் எரிந்து போக வாய்ப்பு உண்டு. லேப்டாப், மானிட்டர் ரெண்டையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டுங்க. முதலில் எச்டிஎம்ஐ, அப்புறம் சுவிட்ச். 24 இன்ச் எல்இடி 20 வாட் சுமாருக்குத்தான் இழுக்கும், 600 விஏ (இங்கே விஏ என்பது யூபிஎஸ் திறனின் அளவு) யூபிஎஸ் தாராளம். ஸ்டெபிலைசர் தேவையில்லை, பவர் சப்ளையே 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்.

மாட்டினதும் விண்டோஸ் கீ + பி அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ தேர்ந்தெடுங்க. 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 தடவை படம் மாறுகிற) மானிட்டர் வாங்கினாலும் விண்டோஸ் 60லேயே நிற்கலாம், டிஸ்ப்ளே செட்டிங்கில் ‘அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே’ போய் மாற்றணும். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் உடனே பேனலில் கோளாறு என்று நினைக்காதீங்க. கிராபிக்ஸ் செட்டிங்கில் வண்ண வீச்சு ‘லிமிடெட்’டில் இருக்கலாம், ‘ஃபுல்’ ஆக்கிப் பாருங்க.