இரண்டு லேப்டாப்பை கேபிளால் நேராக இணைத்தேன். விளக்கு எரிகிறது, ஃபைல் போகவில்லை

கேள்வி:
என் பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் இரண்டு நாளாக 'டிக் டிக்' என்று சத்தம் போடுகிறது. உள்ளே 180 ஜிபி. அப்பா இருந்தபோது நான் பதிவு செய்த அவர் பேச்சும், வீட்டு வீடியோக்களும். வேறு நகல் எடுத்து வைக்கவில்லை. வைஃபையில் அனுப்பினால் பாதியில் அறுந்துபோகிறது. சரி என்று புது லேப்டாப்போடு நெட்வொர்க் கேபிளால் நேராக இணைத்தேன். இரண்டிலும் விண்டோஸ். போர்ட்டில் பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் இரண்டிலுமே 169.254 என்று தொடங்கும் ஐபி (நெட்வொர்க்கில் லேப்டாப்பின் முகவரி எண்), பிங் செய்தால், அதாவது ஒன்றிலிருந்து மற்றதைக் கூப்பிட்டுப் பார்த்தால், பதிலே இல்லை. என்ன செய்வது?

பதில் 1:
நேராக இணைக்க கிராஸ்ஓவர் கேபிள் வேண்டும். ஒரு முனையில் 1, 2 பின்னுக்குப் போகும் ஒயர்கள் மறுமுனையில் 3, 6-க்குப் போக வேண்டும்.

பதில் 2:
அது பழைய 100 மெகாபிட் போர்ட் காலத்துக் கதை. கிகாபிட் (1000 மெகாபிட்) போர்ட்டுகள் ஒயர் வரிசையைத் தாமாகவே மாற்றிக்கொள்ளும். விளக்கு எரிகிறதே, புதுக் கேபிள் தேட வேண்டாம். 169.254-உம் கோளாறு இல்லை. ஐபி கொடுக்க நடுவில் ரவுட்டர் இல்லாததால் விண்டோஸ் தானே ஒன்றை வைத்துக்கொள்கிறது. ஆனால் நாமே கொடுத்துவிட்டால் குழப்பம் இல்லை: பழையதுக்கு 192.168.50.1, புதியதுக்கு 192.168.50.2, சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே இடத்தைக் காலியாக விடுங்கள்.

பிங் போகாததற்குக் காரணம் அனேகமாக ஃபயர்வால், அதாவது வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் விண்டோஸின் காவல். இந்த மாதிரி இணைப்பை விண்டோஸ் 'பப்ளிக்' என்று எடுத்துக்கொண்டு கதவை மூடிவிடும். இரண்டிலும் 'பிரைவேட்' ஆக்கி, ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்யுங்கள். அப்புறம் புது லேப்டாப்பின் ஃபோல்டர் முகவரிப் பட்டையில் \\192.168.50.1 என்று அடித்தால் பழையது திறக்கும். அது கேட்பது பழைய லேப்டாப்பின் பாஸ்வேர்டை. தினமும் அடிக்கும் பின் நம்பர் அங்கே செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத கணக்கு என்றால் முதலில் ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே விடாது.

கேட்டவர்:
திறந்துவிட்டது! பாஸ்வேர்டில்தான் அரை மணி நேரம் போனது. ஆனால் வேகம் நொடிக்கு 11 மெகாபைட். முடிய நாலரை மணி நேரம் ஆகுமே, டிஸ்க் அவ்வளவு நேரம் தாங்குமா?

பதில் 2:
11 மெகாபைட் என்றால் இணைப்பு 100 மெகாபிட்டில் ஓடுகிறது (8 பிட் ஒரு பைட்). அதற்கு இரண்டு ஜோடி ஒயர் போதும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஏதோ ஒரு ஒயர் தொடாமல் இருக்கலாம், பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். டிஸ்க் விஷயத்தில், முழு ஃபோல்டரையும் ஒரேயடியாக இழுக்காதீர்கள். உயிரான ஃபைல்கள் முதலில்.

கேட்டவர்:
பார்த்தேன். ஒரு முனையில் பழுப்பு ஒயர் மற்ற ஏழைவிடக் குட்டையாக நிற்கிறது, தங்க நிறப் பின்னைத் தொடவே இல்லை. வேறு கேபிள் போட்டதும் 80-க்கு மேல் போகிறது. இனி டிஸ்க்கின் வேகம்தான். அப்பாவின் பதிவுகள் முதலில் வந்து சேர்ந்தன, மூன்றைத் திறந்து கேட்டுவிட்டேன். வீடியோ இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. மிக்க நன்றி, நண்பரே.