கம்பெனி மூழ்குகிறது, கையெழுத்துப் போடு என்றால் போடுவதா?

கிராணி மகன்:
சுங்கை சிப்புட் கோப்பிக் கடையில் பாதியில் விட்ட பேச்சை இங்கே தொடர்கிறேன். விமான நிறுவனம் திவாலாகப் போகிறது என்று சொன்னால் யூனியன் சம்பளத்தில் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும், இதுதான் என் கட்சி. அமெரிக்காவின் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸைப் பாருங்கள். 1989 மார்ச்சில் மெக்கானிக்குகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், 1991 ஜனவரியில் நிறுவனமே இல்லை. மானம் மிஞ்சியது, சரி, வேலை?

பால்வெட்டு:
அண்ணே, பாதிக் கதையைச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஈஸ்டர்னை அப்போது கையில் வைத்திருந்தவர் ஃபிராங்க் லோரென்சோ. 1983இல் கான்டினென்டல் விமான நிறுவனத்தைத் திவால் கோர்ட்டுக்குக் கொண்டுபோய், யூனியன் ஒப்பந்தங்களைத் தூக்கி எறிந்துவிட்டு, சம்பளத்தை ஏறக்குறைய பாதியாக வெட்டி மறுபடி ஓட்டியவர். அந்த ஆள் வந்து "நிலைமை மோசம்" என்றால் எவன் நம்புவான்?

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கதை இன்னும் நல்ல கதை. 2003 ஏப்ரலில், திவால் மனு போட்டுவிடுவோம் என்று மிரட்டி, ஊழியர்களிடமிருந்து வருடத்துக்கு 180 கோடி டாலர் விட்டுக்கொடுப்பு வாங்கினார்கள். ஓட்டெல்லாம் போட்டு முடிந்த பிறகுதான் வெளியே வந்தது, மேலதிகாரிகளுக்கு மட்டும் போனஸும், திவாலானாலும் யாரும் தொட முடியாத ஓய்வூதிய நிதியும் ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்று. தலைவர் டான் கார்ட்டி அதே மாதம் பதவி விலகினார்.

கிராணி மகன்:
கார்ட்டி போனார், போனஸும் ரத்தானது, விமானம் பறந்துகொண்டுதானே இருந்தது?

பால்வெட்டு:
2011 நவம்பரில் அதே நிறுவனம் 400 கோடி டாலருக்கு மேல் ரொக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டே திவால் மனு போட்டது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சுபாங் தம்பி:
நான் சுபாங்கில் விமானப் பராமரிப்பில் இருந்தவன், ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். அமெரிக்காவில் திவால் சட்டத்தின் அத்தியாயம் 11 என்றால் கடையை மூடுவது இல்லை. விமானம் ஓடும், கடன்காரன் காத்திருப்பான். கான்டினென்டல் கூத்துக்கு அப்புறம் 1984இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது நிறுவனம் முதலில் யூனியனோடு பேச வேண்டும், கணக்கைக் காட்ட வேண்டும், அப்புறம்தான் நீதிபதி யூனியனோடு போட்ட கூட்டு ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். ஆனால் செய்யலாம், அதுதான் கத்தி. யூனியன் பேச உட்காரும்போதே அந்தக் கத்தி மேசை மேல் இருக்கிறது. யுனைடெட் விமான நிறுவனத்தில் 1994இல் ஊழியர்கள் சம்பளத்தை விட்டுக்கொடுத்து 55 சதவீதப் பங்கு வாங்கினார்கள், 2002 டிசம்பரில் நிறுவனம் திவால் கோர்ட்டுக்குப் போனது, பங்கு வெறும் காகிதமானது. 2005இல் ஓய்வூதியத் திட்டத்தையும் அரசாங்கக் காப்புறுதி வாரியத்தின் தலையில் கட்டிவிட்டார்கள். அதனால் விட்டுக்கொடுக்காதே என்று நான் சொல்ல வரவில்லை. பங்குக்குப் பதிலாக விட்டுக்கொடுப்பது மோசமான பேரம், அவ்வளவுதான்.

கிராணி மகன்:
அதெல்லாம் அமெரிக்கா. நம்ம மலேசிய விமான நிறுவனம் மாஸ் கதைக்கு வாருங்கள். 2014 ஆகஸ்ட்டில் அரசாங்க முதலீட்டு நிறுவனம் கசானா 600 கோடி வெள்ளி (ரிங்கிட்) மீட்புத் திட்டத்தை அறிவித்தது, 20,000 பேரில் 6,000 பேர் குறைக்கப்பட்டார்கள். கொடுமைதான். ஆனால் மற்றவர்களுக்கு வேலை மிஞ்சியது.

பால்வெட்டு:
மிஞ்சியது, ஆனால் எந்த நிபந்தனையில்? மாஸுக்காகப் போட்ட 2015 சட்டத்தில், அதற்குப் பதிலாக வந்த புதிய நிறுவனம் பழையதின் வாரிசு முதலாளி இல்லை என்றே எழுதி வைத்தார்கள். பழைய கூட்டு ஒப்பந்தத்தைக் காட்டி யாரும் கேள்வி கேட்க முடியாது. யூனியனிடம் விட்டுக்கொடுப்புக் கேட்கக்கூட தேவைப்படவில்லை அண்ணே, தாண்டியே போய்விட்டார்கள்.

செம்பனை அக்கா:
இரண்டு பேரும் விட்ட ஒன்று. நமக்கு ஊழியர் சேமநிதி தனிக் கணக்கில் கிடக்கிறது, முதலாளி கவிழ்ந்தாலும் ஏற்கெனவே போட்ட பணம் போகாது, இந்த வகையில் யுனைடெட்காரர்களைவிட நாம் பரவாயில்லை. ஆனால் அடிப்படைச் சம்பளத்தைக் குறைக்க ஒப்புக்கொண்டால் சேமநிதிக்குப் போகும் பங்கும் குறையும். அதைவிட மோசம், 1980 விதிமுறைப்படி ஆட்குறைப்பு இழப்பீட்டை, ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம் என்று கணக்கிடுகிறார்கள், அந்த நாள் சம்பளம் கடைசி 12 மாதச் சராசரி. நிறுவனத்தைக் காப்பாற்ற ஒரு வருடம் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்தவன், அப்புறமும் வெளியே போக நேர்ந்தால், அந்தக் குறைந்த கணக்கில்தான் இழப்பீடு வாங்குவான். எங்கள் தோட்டத்தில் சிலர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள், எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள்.

கிராணி மகன்:
அக்கா, இது எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ரப்பர் விலை இறங்கினால் கூலி இறங்கும் என்று நம்ம தோட்டத் தொழிலாளர் சங்கமே ஒப்பந்தம் போட்டிருந்ததே, அது மட்டும் விட்டுக்கொடுப்பு இல்லையா?

செம்பனை அக்கா:
தம்பி, அதில் விலை ஏறினால் கூலியும் ஏறும் என்று எழுத்தில் இருந்தது. விமானக்காரன் சம்பளத்தைக் குறைக்கும்போது எண்ணெய் விலையைக் காட்டுகிறான், லாபம் வரும்போது எதைக் காட்டி ஏற்றுவான்? அதை எழுதித் தரட்டும், நானே முதலில் கையெழுத்துப் போடுகிறேன்.

கிராணி மகன்:
எழுதித் தராவிட்டால்?

பால்வெட்டு:
அண்ணே, திவால் கோர்ட்டு அங்கேதானே இருக்கிறது, அவனே போகட்டும். கணக்கை நீதிபதியிடமாவது காட்டித்தானே ஆக வேண்டும்.

கிராணி மகன்:
அதற்குள் ஆறு மாதச் சம்பளம் நின்றால் வீட்டுக் கடனை நீங்களா கட்டுவீர்கள்? அமெரிக்கன் ஆட்கள் 2003இல் ஒத்துக்கொண்டதால் மேலும் எட்டு வருடம் சம்பளம் வாங்கினார்கள். குறைந்த சம்பளம்தான், ஆனாலும் சம்பளம். நான் இன்னமும் அந்தப் பக்கம்தான்.