புது காமிக்ஸ் வாங்க ஒரு யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பா வாங்கித் தந்த முத்து, லயன் காமிக்ஸில்தான் நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினேன். மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக்கை மட்டும் தெரிய மாயாவி மறைந்துபோகும் பக்கங்கள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. அப்புறம் வேலை, ஊர் மாற்றம் என்று பதினைந்து வருடம் விட்டுப்போனது. பழைய இதழ்களும் கரையானுக்குப் போய்விட்டன, அது தனி வேதனை.

இப்போது மறுபடி தொடங்க ஆசை. கறுப்பு வெள்ளையில் சாதாரணத் தாளில் பார்த்த நாயகர்கள் இன்று வழவழப்பான தாளில் முழு வண்ணத்தில் வருகிறார்கள். விலையும் அதற்கேற்ப இருக்கிறது. கையில் ரூ.1,500 வைத்திருக்கிறேன். அண்மையில் வந்தவற்றில் எதை முதலில் வாங்கலாம்?

கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லர் என்றால் எனக்கு உயிர். ஆனால் இத்தாலியில் 1948 முதல் வந்துகொண்டிருக்கும் தொடர் அது. இடையில் விட்டவனுக்கும் புரிகிற மாதிரி, ஒரே இதழில் முடியும் கதை எது? பல பாகக் கதை என்றால் எல்லா பாகங்களும் இப்போது கிடைக்கின்றனவா என்றும் சொல்லுங்கள்.

ஒன்பது வயது மகளுக்கும் ஒன்று வேண்டும். சிரிப்புக் கௌபாய் கதையான லக்கி லுக் சரிவருமா? இரவில் நான்தான் வாசித்துக் காட்டுவேன், அதனால் தமிழ் வாயில் சரளமாக வர வேண்டும்.